தடித்த எழுத்தில் வராத எண்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பூரிலிருந்து சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாள். அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகப் படர்தாமரை. முதலில் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவி, அரிப்பு அடங்கி, களிம்பை நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து, கடைசியில் தோல் டாக்டரிடம் போனாள். அவர் பூஞ்சைக்கான இட்ராகொனசோல் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஆறாவது வாரத்தில் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க டெஸ்ட்டும் எழுதியிருந்தார். அந்த ரிப்போர்ட்தான் அது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "எல்லாம் நார்மல்க்கா."

அதைப் படித்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அவளுடைய எண்களில் பயப்பட ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைத் தொந்தரவு செய்தது அந்த ஒரு வார்த்தை. 2021 ஜூன் மாதத்தில் இதே வார்த்தையை, கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை, எங்கள் குடும்ப குரூப்பில் நான் போட்டேன். "இன்னைக்கு ரிப்போர்ட் வந்துருச்சு. பொட்டாசியம் மட்டும் கொஞ்சம் கம்மி. கிட்னி நார்மல்." அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அதை அழிக்க நினைத்து, அழிக்காமல் வைத்திருக்கிறேன். நான் அதை அனுப்பிய நேரத்தில் அப்பாவின் சிறுநீரகம் ஒரு வாரத்துக்கு முன்பு செய்துகொண்டிருந்த வேலையில் ஏறத்தாழ பாதியைத்தான் செய்துகொண்டிருந்தது.

ஆறு குப்பிகள்

அந்த வருடம் மே மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு கொரோனா வந்து, ஸ்டீராய்டு கொடுத்து, ஏற்கெனவே இருந்த சர்க்கரை நானூறைத் தாண்டி, ஒருவழியாக நெகட்டிவ் ஆகி வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் வலது கன்னம் மரத்துப்போனது என்றார். மேல்வரிசைப் பல் ஆடியது. மூக்கிலிருந்து எடுத்துப் பார்த்தபோது பூஞ்சை. கருப்புப் பூஞ்சை என்று எல்லாரும் சொன்னாலும் அந்தப் பூஞ்சை கருப்பு இல்லை. அது ரத்தக்குழாயை அடைத்து, ரத்தம் போகாமல் செத்துப்போகும் சதைதான் கருக்கிறது. அப்பாவின் மேல்தாடையில் வலது பாதியையும் அண்ணத்தில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். கண் தப்பித்தது. அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் ஆம்போடெரிசின்.

அந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950களில் தென் அமெரிக்காவில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. எழுபது வருடமாகியும் இந்தப் பூஞ்சைக்கு முதல் மருந்து அதுதான். பூஞ்சையின் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில் எர்கோஸ்டெரால் என்று ஒரு பொருள் இருக்கிறது. மருந்து அதைப் பிடித்துக்கொண்டு சவ்வைப் பொத்தலாக்கிவிடும், உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிப் பூஞ்சை சாகும். சிக்கல் என்னவென்றால், நம் செல்லின் சவ்வில் இருக்கும் கொலஸ்டிரால் அந்த எர்கோஸ்டெராலுக்கு அண்ணன் தம்பி ஜாடை. மருந்து பூஞ்சையைத்தான் அதிகம் தேடிப் போகும், ஆனால் முழுக்க ஏமாறாமல் இருக்காது. அதிகம் அடிபடுவது சிறுநீரகம். அங்கே நுண்குழாய்களின் சுவர் ஒழுக ஆரம்பித்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயும் சுருங்கும், வடிகட்டும் வேலை குறையும். இதைக் குறைக்கத்தான் மருந்தைக் கொழுப்பு உருண்டைக்குள் பொதிந்து லிப்போசோமல் என்று செய்தார்கள். நாடு முழுக்க அப்போது கிடைக்காமல் அலைந்தது அந்த வகைக்குத்தான்.

கிலோவுக்கு 5 மில்லிகிராம். அப்பா அப்போது அறுபது கிலோ. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், குப்பி ஒன்றில் 50, ஆக ஆறு குப்பி. தினமும் மதியம் சிஸ்டர் அந்த ஆறையும் டிரேயில் வரிசையாக வைப்பார். ஒவ்வொன்றிலும் 12 மில்லி தண்ணீரை விட்டு, உள்ளங்கையில் பிடித்து அரை நிமிடம் விடாமல் குலுக்குவார். மூன்றாவது குப்பியிலேயே அவருக்குக் கை வலிக்கும், மாற்றிக்கொள்வார். பொடி கரைந்து மோர்த்தண்ணி போல, ஆனால் மஞ்சளாக வரும். அதை சிரிஞ்சில் இழுத்து, நுனியில் சின்ன ஃபில்டரை மாட்டி, குளுக்கோஸ் பாட்டிலுக்குள் ஏற்றுவார். முதல் நாள் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துவிட்டு நான் பதறினேன். "சிஸ்டர், அப்பா சுகர் பேஷண்ட்!" அவர் குலுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்: "தெரியும்க்கா. இந்த மருந்து உப்புத் தண்ணியில போட்டா திரிஞ்சுரும். அதான் குளுக்கோஸ். அதுக்கேத்த மாதிரி இன்சுலின் போட்டுருவோம்." மருந்து போகும் முன்னாலும் பின்னாலும் அந்த லைனை குளுக்கோஸால்தான் கழுவினார்கள். ஆனால் மருந்து ஆரம்பிக்கும் முன் தனியாக ஒரு பாட்டில் உப்புத் தண்ணீர் ஏற்றுவார்கள். அது சிறுநீரகத்துக்குக் காவல். ஒரே மருந்துக்கு உப்பு காவலாகவும் இருக்க வேண்டும், கூடக் கலக்காமலும் இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் ரத்தம் எடுப்பார்கள். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் யூரியா, கிரியாட்டினின், கூடவே சோடியம், பொட்டாசியம். மாலையில் ரிப்போர்ட் வரும். எல்லையைத் தாண்டிய எண் தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்தில் கூடுதல் குறைவுக்கு ஒரு குறி இருக்கும். என் கண் நேராகத் தடித்த எழுத்தைத் தேடிப் போகும். இல்லையென்றால் மூச்சு விடுவேன். குரூப்பில் செய்தி போடுவேன்.

மூன்று நாள்

ஐந்தாம் நாளோடு லிப்போசோமல் தீர்ந்துவிட்டது. அரசு ஒதுக்கீட்டில் வரவேண்டியது வரவில்லை. வந்ததும் தருகிறோம், அதுவரை பழைய வகையைக் கொடுப்போம், நிறுத்தி வைத்தால் பூஞ்சை மேலே மூளைப் பக்கம் ஏறிவிடும் என்றார்கள். பழைய வகை என்றால் கொழுப்புப் பொதி இல்லாத ஆம்போடெரிசின். அதற்குக் கணக்கே வேறு. கிலோவுக்கு 1 மில்லிகிராம், என்ன ஆனாலும் ஒன்றரைக்கு மேல் போகவே கூடாது. அதாவது அப்பாவுக்கு 60. ஆனால் அந்தக் குப்பியிலும் 50 மில்லிகிராம்தான். பெயரும் ஆம்போடெரிசின்தான். அன்றைக்கு மதியம் டிரேயில் வந்திருந்தவை பழைய வகைக் குப்பிகள் ஆறு. கேஸ் ஷீட்டில் முந்தைய நாள் எழுதிய "ஆம்போ 300" மாறாமல் அப்படியே இருந்தது. சிஸ்டர் முதல் குப்பியைக் கையில் எடுத்தார், லேபிளைப் படித்தார், கீழே வைத்தார். ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். அந்த ஆறையும் கலந்து ஏற்றியிருந்தால் அது உயிரையே எடுக்கும் அளவு என்று எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் மருந்து ஒரு மணி நேரம் தாமதம் என்பதுதான். நான் சலித்துக்கூடக் கொண்டேன். அந்த சிஸ்டருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. அவருக்கு அடுத்த வாரம் வேறு வார்டு மாற்றிவிட்டார்கள்.

பழைய வகை மருந்து ஏறிய முதல் நாள் அப்பாவுக்குக் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர். போர்வைக்கு மேல் போர்வை போட்டு நான் மேலே சாய்ந்து பிடித்துக்கொண்டேன். அப்புறம் காய்ச்சல். மறுநாளிலிருந்து முன்கூட்டியே பாராசிட்டமாலும் ஏவிலும் கொடுத்து, ஐந்தாறு மணி நேரம் மெதுவாக ஏற்றினார்கள், நடுக்கம் குறைந்தது. மூன்றாம் நாள் மாலையில் லிப்போசோமல் திரும்ப வந்தது. நடுக்கம் நின்றதால் கஷ்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தேன். அந்த மூன்று நாளில் வெளியே தெரிந்தது நடுக்கம் மட்டும்தான்.

ஏழாம் நாள் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.1 என்று தடித்த எழுத்தில் வந்தது. பொட்டாசியம் சிரப் கொடுக்க ஆரம்பித்தார்கள். வாயில் வைக்க முடியாத உப்புக் கரிப்பு. அண்ணத்தில் ஓட்டையோடு இருக்கும் மனிதருக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் அதுவும் போனது. நான் அத்தோடு நிற்காமல், இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாசலில் வாங்கிவந்து அதையும் குழாயில் விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் பொட்டாசியம் 2.8. இன்னும் இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்து வரியில் கிரியாட்டினின் 1.2. அடைப்புக்குள் நார்மல் அளவு 0.6 முதல் 1.3 என்று அச்சடித்திருந்தது. தடித்த எழுத்து இல்லை, குறி இல்லை. நான் குரூப்பில் போட்ட செய்தி அன்றைக்குத்தான்.

"வந்த அன்னைக்கு எவ்வளவு?"

அன்றிரவு எட்டரை மணி இருக்கும். பொட்டாசியம் ஏறாததால் சிறுநீரக டாக்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். சின்ன வயசுதான், முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். மாஸ்க்குக்கு மேல் ஷீல்டு போட்டு, ஷீல்டு முழுக்க மூச்சுப் படிந்திருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவர் பொட்டாசியத்தைப் பார்க்கவில்லை.

"கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ரெண்டு."

"அது நார்மல் டாக்டர்," என்றேன். உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னேன்.

"வந்த அன்னைக்கு எவ்வளவும்மா?"

எனக்குத் தெரியவில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டினார். ரிப்போர்ட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குத்தி வைத்திருந்தன, கடைசி ரிப்போர்ட் மேலே, முதல் ரிப்போர்ட் எங்கோ அடியில். ஸ்கேன் தாள்களையும் சம்மதப் படிவங்களையும் தாண்டி அவர் அதைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆனது. 0.6. பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார், சத்தமாக. முதல் நாள் 0.6. மூன்றாம் நாள் 0.7. ஐந்தாம் நாள் 0.8. ஏழாம் நாள் 1.0. இன்று 1.2. "பாருங்க, டபுள் ஆயிருக்கு. நாப்பத்தெட்டு மணி நேரத்துல 0.3 ஏறினாலே, இல்ல ஒரு வாரத்துல ஒன்றரை மடங்கு ஆனாலே கிட்னி அடிவாங்குதுன்னு அர்த்தம். ஏழாம் நாளே ஒன்றரை மடங்கு தாண்டியாச்சு."

அவர் யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் பேசவில்லை. அந்த வார்டில் தினமும் ஒரு டியூட்டி டாக்டர், ஒவ்வொருவருக்கும் அறுபது எழுபது நோயாளிகள். ஒவ்வொருவரும் அன்றைய ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், அன்றைய ரிப்போர்ட் நார்மல். எனக்கு அவர்கள் மேல் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் ஒருத்தி அங்கே ஒன்பது நாளும் இருந்தேன், எல்லா ரிப்போர்ட்டையும் என் கையால் வாங்கினேன்.

அந்த 0.6இல் இன்னொரு விஷயம் இருந்தது. கிரியாட்டினின் நம் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ளவருக்கு அதிகம் உண்டாகும், மெலிந்தவருக்குக் குறைவு. கொரோனாவில் மூன்று வாரம் படுத்து, தொடையெல்லாம் வற்றிப்போன அப்பாவுக்கு உண்டாவதே கொஞ்சம். அதனால்தான் ஆரம்பத்தில் எல்லையின் அடிமட்டத்தில் இருந்தது. நல்ல உடம்போடு இருக்கும் ஒரு நாற்பது வயது ஆளுக்கு 1.2 என்பது அவருடைய அன்றாட எண்ணாக இருக்கலாம். அப்பாவுக்கு அதே 1.2 என்றால் சிறுநீரகம் பாதி வேலையைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். அடைப்புக்குள் அச்சடித்த எல்லை யாருக்கோ, பல பேருக்குச் சேர்த்துப் போட்டது. அப்பா எந்த இடத்தில் ஆரம்பித்தார் என்று அந்த அடைப்புக்குறிக்குத் தெரியாது.

டோஸைக் குறைத்துவிடலாமே என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த பதிலை நான் பல பேருக்கு அப்புறம் சொல்லியிருக்கிறேன். பல மருந்துகள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கும், அதனால் டோஸைக் குறைப்பார்கள். பூஞ்சை மருந்துகளிலேயே ஃப்ளுகொனசோல் அப்படித்தான், சிறுநீரக வேலை பாதிக்குக் கீழே போனால் டோஸும் பாதியாகிவிடும். ஆம்போடெரிசின் அப்படி இல்லை. அது வெளியேற சிறுநீரகத்தை நம்பி இருப்பதில்லை, கிரியாட்டினின் ஏறினாலும் மருந்து ரத்தத்தில் தேங்குவதில்லை. அது சிறுநீரகத்தைக் காயப்படுத்துகிறது, அவ்வளவுதான். கிலோவுக்கு 5க்குக் கீழே போனால் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதாகிவிடும். "மருந்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடி, சுத்தி இருக்கிறதை எல்லாம் சரி பண்ணிப் பார்ப்போம்," என்றார் டாக்டர்.

சுற்றி என்னென்ன இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. ஆபரேஷன் வலிக்காக டைக்ளோஃபெனாக் ஊசி ஆறு நாளாகப் போய்க்கொண்டிருந்தது, அதுவும் சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்து. அதை நிறுத்தினார். இடையில் அரை பாட்டிலாகக் குறைந்திருந்த உப்புத் தண்ணீரை முழு லிட்டராக்கினார். மருந்தை ஒரே ஒரு நாள் நிறுத்தி வைத்தார், பழைய வகையை இனி எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாது என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். பிறகு மெக்னீசியம் பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. ராத்திரியே அனுப்பியதில் 1.1 வந்தது, 1.7க்கு மேல் இருக்க வேண்டியது. மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறும் கதவை மூட ஆள் இல்லை என்று அவர் விளக்கினார். மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே போய்க்கொண்டே இருக்கும். மெக்னீசியம் டிரிப்ஸ் போட்ட இரண்டாம் நாள், அதுவரை எவ்வளவு கொடுத்தும் ஏறாத பொட்டாசியம் 3.4க்கு ஏறியது.

இளநீரைப் பற்றி நானே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இப்ப பொட்டாசியம் ஒழுகுது. கிட்னி இன்னும் மோசமானா அதே பொட்டாசியம் வெளிய போகாம ஏற ஆரம்பிக்கும், இதயத்தை நிறுத்திரும். எவ்வளவு உள்ள போகுதுன்னு கணக்கு எங்க கையில இருக்கணும்மா," என்றார். அன்றோடு இளநீர் நின்றது.

இன்வாய்ஸ்

மறுநாள் காலை அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அண்ணம் இல்லாததால் அவர் பேசினால் மூக்கில் காற்றாகத்தான் வரும், புரியாது. அதனால் கிழித்த தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். நான் சொல்லி முடித்ததும் பேனாவைக் கேட்டார். எழுதவில்லை, கோடு போட்டார். மேலிருந்து கீழாக நான்கு கோடு, குறுக்கே வரிசையாகக் கோடு. கை நடுங்கியது, ஆனால் கட்டங்கள் ஒரே அளவாக இருந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது கண்டக்டர் இன்வாய்ஸ்.

அப்பா முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர். மெஷின் வருவதற்கு முன்னால், பேப்பர் டிக்கெட் கட்டுகளைக் கையில் விசிறி போலப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்த காலம். ஒவ்வொரு கட்டிலும் வரிசை எண் இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஜ் வரும்போதும், பஸ் ஆடினாலும், கூட்டம் நெரித்தாலும், எந்தக் கட்டு எந்த எண்ணில் நிற்கிறது என்று இன்வாய்ஸில் எழுதியாக வேண்டும். செக்கிங் ஏறினால் முதலில் கேட்பது அதைத்தான். சின்ன வயதில் அவரோடு போகும்போது நான் கேட்டிருக்கிறேன், ஏன் ஒவ்வொரு ஊரிலும் எழுதுகிறீர்கள், கடைசியில் எழுதினால் போதாதா என்று. அவர் கட்டில் மேலே இருந்த டிக்கெட்டைக் காட்டி, இதில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். ஏதோ ஆறு இலக்க எண். "இதைப் பார்த்து எத்தனை டிக்கெட் வித்தேன்னு சொல்லு பார்ப்போம்," என்றார். முடியாது. முந்தைய ஸ்டேஜ் எண் தெரிந்தால்தான் கழித்துப் பார்க்க முடியும்.

காலண்டர் தாளில் முதல் கட்டத்துக்கு மேலே "தேதி" என்று எழுதினார். அடுத்தது "கி". அடுத்தது "பொ". நான்காவது என்ன என்று என்னைப் பார்த்தார். "மெக்னீசியம்ப்பா," என்றேன். "மெ" என்று எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்தத் தாள் கட்டில் தலைமாட்டில், குளுக்கோஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தது. ஒரு தாள் தீர்ந்ததும் அடுத்தது. ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் யாராக இருந்தாலும் முதலில் அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கத்துப் படுக்கை ஆளின் மகன் என்னிடம் கேட்டு, அவர் அப்பாவுக்கும் ஒன்று போட்டார். பதினொன்றாம் நாள் 1.4. பதின்மூன்றில் 1.6. தடித்த எழுத்தில் வர ஆரம்பித்தது அந்தப் பதினொன்றாம் நாள்தான், நாங்கள் இரண்டு நாள் முன்பே விழித்துக்கொண்ட பிறகு. பதினைந்தில் 1.5. அதற்கு மேல் ஏறவில்லை. மருந்து மொத்தம் நான்கு வாரம், டோஸ் குறையாமல், முடிந்தது.

ஏழாம் நாளே அந்தத் தாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்காத வாரம் இல்லை. அந்த டைக்ளோஃபெனாக் இரண்டு நாள் முன்பே நின்றிருக்கும். 1.6 வரை போகாமல் இருந்திருக்கலாம்.

மறுபடியும் பொட்டாசியம்

வீட்டுக்கு வந்த பிறகு அதே பூஞ்சைக்கு போசகொனசோல் மாத்திரை, தினம் 300 மில்லிகிராம். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கொலஸ்டிராலுக்குப் போட்டுக்கொண்டிருந்த அட்டோர்வாஸ்டாட்டினை நிறுத்தச் சொன்னார்கள், இரண்டும் சேர்ந்தால் தசை கரையும் ஆபத்து உண்டு. ஆம்போடெரிசின் போல இதற்கு உடல் எடையை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. பதிலாக மருந்தே ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கலாம். மாத்திரை ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து, அன்றைய மாத்திரை போடுவதற்குச் சற்று முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும், அப்போதுதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்திலும் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமாவது இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்கு முதலில் பார்த்தபோது 1.9. நல்ல அளவு.

ஆகஸ்ட் கடைசியில் கால் வீங்கியது. எப்போதும் 130 இருக்கும் பிரஷர் 170. பொட்டாசியம் 3.1. பழைய நினைப்பில் நான் நடுங்கிப்போனேன், ஆனால் தாளில் கிரியாட்டினின் கட்டத்தைப் பார்த்தால் 1.1, இறங்கிக்கொண்டே வருகிறது. மெக்னீசியம் சரியாக இருக்கிறது. ஆம்போடெரிசின் நின்று ஏழு வாரம். அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் இது வேறு என்றார். போசகொனசோல் ரத்தத்தில் அதிகமானால் சிலருக்கு அட்ரினல் சுரப்பியின் ஒரு நொதியைத் தடுக்கும். உப்பைப் பிடித்து வைத்துப் பொட்டாசியத்தை விரட்டும் ஹார்மோன்கள் தேங்கும், பிரஷர் ஏறும், கால் வீங்கும். மருந்தளவை மறுபடி பார்த்தபோது 4க்கு மேல் இருந்தது. 300 மாத்திரையை 200 ஆக்கினார். மூன்று வாரத்தில் பிரஷரும் வீக்கமும் இறங்கின. முதல் தடவை டோஸைக் குறைக்காதே என்று சொன்ன அதே டாக்டர் இந்தத் தடவை டோஸைத்தான் குறைத்தார். பொட்டாசியம் இரண்டு தடவையும் 3.1தான். பொட்டாசியத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் நானாக மெக்னீசியம் மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பேன்.

திருப்பூர் ரிப்போர்ட்

சித்தி மகளுக்கு அன்று உடனே பதில் போட்டேன். "பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" அவள் குழம்பினாள். "எதுக்குக்கா, இதான் நார்மலா இருக்கே?" கல்லீரல் அடிபட்டால் ஏறும் எஸ்ஜிபிடி 49, அடைப்புக்குள் 56 வரை. தடித்த எழுத்து இல்லை.

மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் டெஸ்ட் எடுக்கவில்லையாம். அன்று முழுக்கத் தேடி, போன வருடம் கம்பெனியில் எடுத்த உடல் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கண்டுபிடித்து சாயந்திரம் அனுப்பினாள். அதில் 21. பயப்பட வேண்டாம், மாத்திரையை நீயாக நிறுத்தவும் வேண்டாம், இரண்டையும் சேர்த்து டாக்டரிடம் காட்டு என்றேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் எண்ணைக் கண்டு பயந்து பாதியில் நிறுத்தினால் படர்தாமரை இன்னும் முரட்டுத்தனமாகத் திரும்பும். இந்த ஏற்றத்துக்கு மாத்திரையை நிறுத்த மாட்டார்கள், எல்லையைப் போல் பல மடங்கு போனாலோ, கண் மஞ்சளாகி, குமட்டல், அசதி வந்தாலோதான் அது. ஆனால் 21இலிருந்து 49 வந்தவருக்கு அடுத்த டெஸ்ட்டைத் தள்ளிப் போடக் கூடாது. டாக்டரும் அதையேதான் சொன்னாராம். இரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள், அதுவரை தலைவலிக்கு என்று கண்ட மாத்திரையைப் போடாதீர்கள் என்று. இரண்டு வாரம் கழித்து வந்தது 44. மாத்திரை தொடர்கிறது.

அப்பாவிடம் போனில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது செயற்கை அண்ணம் வைத்திருக்கிறார், பேச்சு ஓரளவு புரியும். அவருடைய கிரியாட்டினின் 0.9இல் நிற்கிறது, 0.6க்குத் திரும்பவே இல்லை. அந்த ஏற்றத்தில் தசை ஏறியதால் எவ்வளவு, சிறுநீரகம் அடிவாங்கியதால் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து அவரே கட்டத்தில் எழுதிக்கொள்கிறார். 44 வந்தது என்று நான் சொன்னதும் அவர் சந்தோஷப்படவில்லை, சும்மா இருந்தார். அப்புறம் கேட்டார்.

"ஓப்பனிங் நம்பர் எவ்வளவு பாப்பா?"

"இருபத்தொண்ணுப்பா."

"எழுதி வைக்கச் சொல்லு," என்றார்.